ஒரு கிரீனுக்கு ஒரு புள்ளி

பசறை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து கோல்ஃப் திடல் செய்கிறேன் என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் நான் புல் விற்பதாக நினைக்கிறார்கள். மீதிப் பேர் கேம் விளையாடுவதாக. இரண்டாவது கூட்டம் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது. வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு கராஜில் பெரிய திரையைக் கட்டி, நிஜ மட்டையால் நிஜப் பந்தைத் திரையைப் பார்த்து அடிப்பார். பந்து கிளம்பிய வேகம், கோணம், சுழற்சி எல்லாவற்றையும் ஒரு கருவி அளந்து கணினிக்குக் கொடுக்கும். அதற்குப் பிறகு பந்து பறப்பதும் விழுவதும் உருள்வதும் திரைக்குள் இருக்கிற நிலத்தில். அந்த நிலத்தைச் செய்து கொடுக்கிறவர்களில் நான் ஒருவன். கொவிட் காலத்தில் கிளப்புகள் பூட்டிக் கிடந்தபோது இந்த வீட்டுச் சிமுலேட்டர்கள் பெருகின. எங்களுக்கு வேலையும் பெருகியது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் புல்லும் மரமும் மேகமும் அழகாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதெல்லாம் பூச்சு வேலை. பந்து புல்லின் நிறத்தைப் பார்த்து உருள்வதில்லை. உயரம் பிசகினால், அந்தத் திடலில் நிஜமாக விளையாடிய ஒருவர் முதல் குழியிலேயே "இது எங்கள் கிளப் இல்லை" என்று சொல்லிவிடுவார். எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. தப்பு இருப்பது மட்டும் தெரியும்.

உயரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கற்றதல்ல. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில், தோட்டத்தில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்த வீ.பீ. கன்று நடுவதற்கு ஒரு மலையைத் தயார் செய்தார்கள். மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டக் குறி போடுகிற வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ரோட் ட்ரேஸர் என்ற கருவியை அப்போதுதான் தொட்டேன். ஒரு கோலில் தொங்குகிற பித்தளைக் குழாய், அதன் கீழே நகர்த்தி வைக்கிற ஓர் எடை. எடையை 120க்கு 1 என்ற குறியில் நிறுத்தினால் குழாய் அந்த அளவுக்குச் சாய்ந்து நிற்கும். அதே உயரத்தில் பலகை கட்டிய கம்பை இன்னொருவர் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். குழாய்க்குள் பலகையின் கோடு தெரிகிற இடத்தில் ஒரு குச்சி. 120 அடி நடந்தால் 1 அடி இறக்கம். அதற்கு மேல் இறங்கினால் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். குறைந்தால் தேங்கி நின்று கானை உடைக்கும்.

எங்களோடு வந்த கணக்கப்பிள்ளை ஐயா குழாயைப் பெரிதாக மதித்தவரில்லை. "குழாய்ல பாக்குறதுக்கு முந்தி கால்ல பாருடா தம்பி. எந்தக் கால்ல பாரம் எறங்குதோ அந்தப் பக்கம் பள்ளம்" என்பார். நான் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் குழாயைத்தான் பார்ப்பேன். 120க்கு 1 என்பது 100க்கு 1கூட இல்லை, கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் மழை பெய்தால் தண்ணீருக்குத் தெரியும். கோல்ஃப் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தை ஒரு பக்கம் இழுக்கிற சரிவும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்: 100க்கு 1, 2, மிஞ்சினால் 3. புல்லை ஒட்ட வெட்டி வேகமாக வைத்திருக்கும் கிரீனில் 100க்கு 4க்கு மேல் போனால், தட்டிய பந்து குழிக்குப் பக்கத்தில் நிற்காமல் வந்த வழியே திரும்பி வந்துவிடும்.

90களின் கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் அளவை அலுவலகத்தில் படம் வரைந்தேன். அங்கிருந்து டுபாய். அங்கே எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988இல் பாலைவனத்தில் முழுப் புல் திடலாகத் திறந்த பிறகு, திடலுக்கு மேல் திடலாக வந்துகொண்டிருந்தது. மண் வேலை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எனக்கு வேலை. தட்டை மணலில் இல்லாத மேட்டை, இல்லாத பள்ளத்தைக் கோடாக வரைந்து புல்டோசர்காரரிடம் கொடுப்பார்கள். கிரீன் வரைக்கும் போகிற நீளப் புல்வெளியான ஃபேர்வேக்கு அரை மீட்டருக்கு ஓர் உயரக் கோடு, கிரீனுக்கு 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. கிரீன் படத்தைப் பார்த்தபோதுதான் இந்த விளையாட்டு எதில் நிற்கிறது என்று விளங்கியது. 400 மீட்டர் ஃபேர்வேக்கு ஒரு தாள். 20 பேர்ச் காணி அளவே வருகிற ஒரு மூலைக்குத் தனியாக ஒரு தாள், அதில் கோட்டுக்கு மேல் கோடு. நிஜப் பூமியில் பொய் மலை கட்டுவதில் தொடங்கி, பொய்ப் பூமியில் நிஜ மலை வைப்பதில் வந்து நிற்கிறேன்.

டுபாயில் நாங்கள் தங்கிய முகாமில் இருந்த ஸ்கொட்லாந்து பொறியியலாளர் ஒருவர் மைக்ரோசொஃப்ட்டின் லிங்க்ஸ் 2001 என்ற கேமை வைத்திருந்தார். ஆர்னல்ட் பாமர் பெயரில் அதிலேயே ஒரு திடல் செய்கிற கருவியும் உண்டு. அவர் நுவரெலியாவில் விளையாடியவர். "உன் ஊர்ப் பக்கம்தானே, செய்து காட்டு" என்றார். நுவரெலியா எங்கள் ஊர்ப் பக்கமே இல்லை. நடுவில் எத்தனையோ மலை. ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் இலங்கை என்றால் ஒரே பக்கம்தான். லீவில் வந்தபோது நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் போட்ட பழைய தாளை வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தத் தாளில் கோட்டுக்குக் கோடு 100 அடி. 1889இல் தொடங்கிய கிளப், 18 குழி. தாளில் ஒரு பெருவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதன் மேல் போகிற உயரக் கோடு ஒன்றோ இரண்டோ. இரண்டு கோட்டுக்கு நடுவில் 100 அடி வித்தியாசத்தில் நிலம் என்னவெல்லாம் செய்யலாம்! அதையெல்லாம் அந்தப் பொறியியலாளருடைய ஞாபகத்தையும் அல்பத்தில் இருந்த போட்டோக்களையும் வைத்து நிரப்பினோம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பிறகு வந்தது விண்வெளி ஓடத் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் ஓடம் 60 மீட்டர் நீளத் தண்டை வெளியே நீட்டிக்கொண்டு 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் உலகத்தின் பெரும்பகுதி உயரத்தையும் அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்று சொல்வோம். அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு முதலில் 90 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைத்தது. அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கிரீன் வரை 150 மீட்டர் வருகிற ஒரு குழிக்கு இரண்டு புள்ளி. அதிலும் உயரம் முழு எண்ணில் இருக்கும்: 1,871, 1,872, 1,873. மெதுவாக இறங்குகிற ஃபேர்வே திரையில் படிக்கட்டாகத் தெரியும். பந்து ஒவ்வொரு படியிலும் குதிக்கும். அதை இழைத்து மழமழப்பாக்கினால் படியோடு சேர்ந்து உண்மையான மேடும் போய்விடும். எவ்வளவு இழைப்பது என்பதற்கு ஒரு சூத்திரமும் கிடையாது. எங்கள் ஊவா மலைச்சரிவுகளில் ரேடார் நிழல் விழுந்த இடங்களில் உயரமே இல்லாமல் ஓட்டையாக இருக்கும். நமுனுகுலைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளை அந்தப் பழைய கோப்பில் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

2014 கடைசியிலும் 2015லும் 30 மீட்டர் தரவை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் கொண்டாட்டம். எனக்கும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30க்கு 30, 900 சதுர மீட்டருக்கு ஓர் உயரம். சராசரி கிரீன் ஒன்று 500 சதுர மீட்டர் அளவுதான் வரும். ஒரு கிரீன் முழுவதுக்கும் ஒரு புள்ளி. எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு புள்ளி சொல்லாது.

அதைவிடப் பெரிய சிக்கல் மரம். அந்த ரேடார் பார்ப்பது தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தின் தலையை. நுவரெலியாத் திடல் டவுனுக்கு நடுவில், உயர்ந்த மரங்களுக்கு இடையே ஒடுங்கிப் போகிற ஃபேர்வேகள். தரவை அப்படியே ஏற்றினால் மரம் நிற்கிற இடமெல்லாம் கரையாக எழும்பி, ஃபேர்வே ஆழமான கானாக இறங்கிவிடும். கரையில் பட்ட பந்து நடுவுக்கு உருண்டு வந்து சேரும். விளையாடுகிறவருக்குக் குஷி, ஆனால் அது நுவரெலியா அல்ல. பிறகு வந்த கோப்பர்னிக்கஸ் என்ற செயற்கைக்கோள் உயரத் தரவு இதைவிடச் சுத்தமானது, உயரம் தசமத்தில் வரும். அதிலும் மரம் மரமாகவே இருக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆட்கள் அதிலிருந்து காட்டையும் கட்டடத்தையும் கணக்கால் கழித்து ஃபேப்டெம் என்று ஒன்று வெளியிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் கழிப்பதும் ஓர் ஊகந்தானே.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற சக தொழிலாளிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. விமானத்திலிருந்து லேசரால் அளந்த 1 மீட்டர் தரவை அவர்களுடைய அரசாங்கங்களே இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன. லேசர் கதிர் இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். அவர்கள் காலையில் கோப்பை இறக்கி, கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் வெட்டி, இன்க்ஸ்கேப்பில் ஃபேர்வேயைச் சுற்றிக் கோடு போட்டு, யூனிட்டிக்குள் ஏற்றி, பின்னேரம் மரம் நட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் மலைக்கு அப்படி இறக்கிக்கொள்ள எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. அதனால் எங்கள் பக்கத்துத் திடல் என்றால் கால்தான்.

ஒரு சின்ன விஷயம் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். உயரப் படத்தை 8 பிட்டில் சேமிக்கிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். 8 பிட் என்றால் 256 படி. திடலின் அடிக்கும் உச்சிக்கும் 200 மீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு படி முக்கால் மீட்டருக்கு மேல். 16 பிட்டில் அதே ஒரு படி 3 மில்லிமீட்டர். இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் புல்லைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நுவரெலியாவை இரண்டாம் முறை செய்தபோது அங்கே நடந்தேன். அனுமதி வாங்கிக்கொண்டு, காலையில் முதல் கூட்டம் வருவதற்கு முன்னால், விளையாடுகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்குகிற ஒரு கேடி அண்ணனைக் கூட்டிக்கொண்டு. அவரும் தோட்டத்து ஆள்தான். நான் கிரீனில் டிஜிட்டல் மட்டக் கோலை வைத்து ஒவ்வோர் இடமாகச் சரிவைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிரீனில் நின்று, "இது எந்தப் பக்கம் போகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு வலது பக்கம் தாழ்வாகத் தெரிந்தது. அவர் ஒரு பந்தை எடுத்துக் காலால் தட்டிவிட்டார். பந்து இடப்பக்கம் வளைந்து போனது.

"கண்ணுக்கு வலது, பந்துக்கு இடது. தொரமாருங்க நெறைய பேர் இங்கதான் தோப்பாங்க. பின்னால மலையப் பாருங்க தம்பி" என்றார். பின்னால் பிதுருதலாகலை. பெரிய மலை ஒன்று பக்கத்தில் சாய்ந்து நின்றால் கண் அதையே தரைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்; எது மட்டம் என்ற கணக்கு உள்ளுக்குள் கெட்டுப்போகும். மட்டக் கோல் அவர் சொன்னதைத்தான் காட்டியது, 100க்கு 2க்கும் 3க்கும் நடுவில், இடப்பக்கம். கணக்கப்பிள்ளை ஐயா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்கச் சொல்லியிருப்பார். நான் நின்று பார்த்தேன். இடது கால்.

அந்த மயக்கம் திரையிலும் வர வேண்டும் என்றால் கிரீன் மட்டும் சரியாக இருந்தால் போதாது, பின்னால் இருக்கிற 2,524 மீட்டர் மலையும் சரியான இடத்தில், சரியான உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு 30 மீட்டர் தரவு தாராளம். தூரத்து மலைக்கு விண்வெளித் தரவு, காலடிக்குக் கையளவு. என் முறை இதுதான், இன்றைக்கும். தற்செயலாக, இலங்கை வரைபடங்களின் கட்டக் கோடுகளுக்கு ஆதிப் புள்ளியும் அதே பிதுருதலாகலைதான்.

இன்னொன்று காற்று. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல். காற்று மெலிதானதால் பந்து கடல் மட்டத்தில் போவதைவிட 100க்கு 6, 7 கூடுதலாகப் போகும். கொழும்பில் 150 கஜம் அடிக்கிற மட்டை அங்கே 160 அடிக்கும். ஜிஎஸ்ப்ரோ போன்ற சிமுலேட்டர் மென்பொருளில் திடலின் உயரத்தைக் கொடுத்தால் அது கணக்குப் போட்டுக்கொள்ளும். பலர் அந்தக் கட்டத்தைப் பூச்சியமாக விட்டுவிடுவார்கள். கடலோரத் திடல் ஆகிவிடும்.

ட்ரோன் வந்த பிறகு எல்லாம் சுலபம் என்கிறார்கள். பாதி உண்மை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கே ஒரு திடலை ட்ரோனால் படம் எடுப்பித்து, அந்த உயரத்தையும் சுற்றுப்புறத்துக்கு விண்வெளித் தரவையும் சேர்த்து அனுப்பியது. திறந்து பார்த்தால் திடல் முழுவதும் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழக் குழிக்குள் கிடக்கிறது. நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். அவர்கள் ட்ரோனைச் சந்தேகித்து மறுபடி பறக்கவிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ட்ரோன் சரியாகத்தான் அளந்திருந்தது. ஜிபிஎஸ் தருகிற உயரம் கணிதத்தில் செய்த ஒரு முட்டை வடிவப் பூமியிலிருந்து. வரைபடம் தருகிற உயரம் கடல் மட்டத்திலிருந்து. பல நாடுகளில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 20, 30, 40 மீட்டர். நம் தீவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு குறைந்து கடல் மட்டமே தாழ்ந்து கிடக்கிறது, உலகத்திலேயே அதிகமாக, 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாம் இருப்பதால் இங்கே ஜிபிஎஸ் உயரம் எப்போதும் 100 மீட்டருக்குக் கிட்டக் குறைவாகவே வரும். ஒரு கழித்தல் கூட்டலில் முடிகிற வேலை. இங்கே அளந்த எந்த அளவைக்காரரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ஊவாவில் கோல்ஃப் திடல் செய்து தரச் சொல்லி ஒருமுறை கேட்டார்கள். இருக்கிற திடல் அல்ல, கற்பனைத் திடல். நிஜத் தேயிலை மலை, நிஜ உயரம், அதில் 18 குழி. நான் பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த மலைகளை எடுத்துக்கொண்டேன். முதலில் கியூஜிஸில் சரிவுப் படம் போட்டேன்: பச்சை, மஞ்சள், சிவப்பு. படம் முழுக்கச் சிவப்பு. ஃபேர்வே 100க்கு 10ஐத் தாண்டினால் நடக்கிறவருக்கும் ஆகாது, பந்துக்கும் நிற்க இடமில்லை. எங்கள் தேயிலை மலைகளில் 50, 60 என்பது சாதாரணம். கூடையோடு பெண்கள் ஏறி இறங்குகிற சரிவு அது. சோதனைக்கு ஒரு பந்தை அடித்துவிட்டேன். அது தொங்கல் வரைக்கும் போய், ரோட்டைத் தாண்டி, ஆற்றில்தான் நின்றது. பள்ளத்தாக்கின் அடியிலும், பழைய பாக்டரி இருந்த மேட்டிலும், மலைமுகட்டிலும் மட்டும் குழிகளைப் போட்டு, நடுச்சரிவைத் தாண்டி அடிக்கிற மாதிரி அமைத்தேன். சரிவைச் சமமாக்கவில்லை. சமமாக்கினால் ஊவா எங்கே இருக்கிறது?

அந்தச் சிவப்பு நிறம் எனக்குப் புதிதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் படங்கள் போடும் வேலையை 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் ஆரம்பித்தது. "இங்கே இருக்காதீங்க" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு வருகிற அறிவிப்பு அந்த மாதிரிப் படங்களை வைத்துத்தான். சரிவுதான் அதிலும் முக்கியமான கணக்குகளில் ஒன்று. நான் பந்து நிற்குமா என்று பார்க்கிற அதே எண்ணை அவர்கள் மண் நிற்குமா என்று பார்க்கிறார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எண்டெவர் ஓடம் அளந்தது 2000இல். அந்தத் தரவில் மீரியபெத்தை இன்னும் சரியாமல் நிற்கிறது. நான் எப்போதும் தரவின் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பதற்கு அதுதான் காரணம்.

கற்பனைத் திடலை அனுப்பிய பிறகு பதில் வந்தது: எல்லாம் பிரமாதம், 7ஆவது குழிக்குப் பின்னால் தெரிகிற அந்த நீளத் தகரக் கூரைகளை எடுத்துவிடுங்கள், பார்வையைக் கெடுக்கிறது. எடுப்பது ஒரு நிமிட வேலை. லயம் இல்லாத தேயிலை மலை எனக்குக் கட்ட வராது என்று எழுதினேன். கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு கூரையின் நிறத்தை மட்டும் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா என்று கேட்டார்கள். தகரம் மழையில் தானே மங்கும் என்று சொல்லித் துருவைக் கூட்டிவிட்டேன். இப்போது அந்த 7ஆவது குழிக்கு விளையாடுகிறவர்கள் இடதுபக்க லயத்தின் மூலையை இலக்காக வைத்துத்தான் அடிக்கிறார்களாம்.

இப்போது கையில் இருப்பது திகனவில் இருக்கிற விக்டோரியா திடல். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்தது, நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில். தரை வேலை முக்கால்வாசி முடிந்தது. தண்ணீரில் நிற்கிறேன். சிமுலேட்டரில் நீர் என்பது ஒரே உயரத்தில் வைக்கிற ஒரு தட்டைத் தகடு, கூடாது, குறையாது. நிஜ நீர்த்தேக்கம் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். முழுக் கொள்ளளவில் நீர் மட்டம் 438 மீட்டர். ரேடார் பார்த்தது 2000 பெப்ரவரியில் இருந்த மட்டத்தை. இரண்டுக்கும் நடுவில் சிவந்த மண் கரை ஒன்று தெரியும் அல்லது தெரியாது. வாடிக்கையாளர் விளம்பரப் படத்தில் பார்த்த மாதிரி 438 வைக்கச் சொல்கிறார். அங்கே தினமும் விளையாடுகிற ஒருவரிடம் கேட்டேன், மண் கரை இல்லாமல் தன் திடலை அடையாளம் தெரியாது என்கிறார். 438இல் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று இரண்டு கோப்பாக வைத்திருக்கிறேன். பணம் கொடுப்பவர் எதைக் கேட்கிறாரோ அது முதலில் போகும். மற்றதையும் பக்கத்திலேயே போட்டு அனுப்புவேன்.